சாலை கடந்த சிறு கார்

சாலை உள்ளவரை கார் ஓடும். சாலை முடிந்த இடத்தில் கார் நிற்கும். மோட்டார் வாகனம் தோன்றிய நாள்முதல் மக்கள் ஏற்றுக்கொண்ட நியதி இது. சாலையற்ற நிலத்திற்கென்று ஜீப், லேண்ட் ரோவர் போன்ற வண்டிகள் தனியே செய்யப்பட்டன. நான்கு சக்கரங்களிலும் விசை பாயும் அவ்வண்டிகள் எடை மிக்கவை, விலையும் மிக்கவை. ஆயின், எளிய குடும்பத்தினர் நகரச் சாலையில் ஓட்டுவதற்கென்று செய்யப்பட்ட ஒரு சிறு காரை வெட்டியும் குறைத்தும் உயர்த்தியும் மணல் மேட்டிலும் பாலை நிலத்திலும் ஓடச் செய்தவர்கள் உண்டு. அந்தக் கார் வோல்க்ஸ்வேகன் பீட்டில். அந்த முயற்சி பெருகி வளர்ந்த இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். காலம் 1960களும் 1970களும்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஒரு தலைமுறையினர் இக்காரை நன்கு அறிவர். 'பீட்டில்' என்றால் வண்டு. மலாய் மக்களோ அதன் குவிந்த முதுகைக் கண்டு 'கூரா கூரா', அதாவது ஆமை, என்று பெயரிட்டு அழைத்தனர். இந்த ஆமை பாலைவனம் புகுந்த வரலாறு தொழில்நுட்ப வரலாறு மட்டுமன்று. சட்டத்தின் வரலாறும் ஆகும். தன் உழைப்பால் வாங்கிய வண்டியைத் தன் விருப்பப்படி மாற்றி அமைத்துக்கொள்ள ஒருவனுக்கு எவ்வளவு உரிமை உண்டு? அவ்வுரிமை எந்த இடத்தில் பிறருடைய உரிமையோடு மோதுகிறது? இவ்விரு வினாக்களையும் அந்தச் சிறு கார் எழுப்பியது.

மக்கள் கார் பிறந்த கதை

'வோல்க்ஸ்வேகன்' என்னும் ஜெர்மானியச் சொல்லுக்கு மக்கள் வண்டி என்பது பொருள். 1934 ஆம் ஆண்டு ஹிட்லரின் அரசு, குறைந்த விலையில் ஒரு குடும்பக் காரை உருவாக்கும் பொறுப்பை ஃபெர்டினாண்ட் போர்ஷ என்னும் பொறியியலாளரிடம் ஒப்படைத்தது. 1938 ஆம் ஆண்டு தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. காரின் விலை 990 மார்க் என அறிவிக்கப்பட்டது. தொழிலாளர்கள் வாரந்தோறும் சேமிப்பு வில்லைகளை வாங்கி அட்டையில் ஒட்டி வந்தால், தொகை நிறைந்தபின் கார் கிடைக்கும் என்பது திட்டம். ஏறத்தாழ 3 இலட்சத்து 36 ஆயிரம் பேர் அதில் சேர்ந்தனர். 1939 ஆம் ஆண்டு போர் மூண்டது. பணம் கட்டியவர்களுக்குக் கார் வரவில்லை. தொழிற்சாலை படைக்குச் சென்றது.

அங்குதான் இக்காரின் மற்றொரு முகம் வெளிப்பட்டது. அதே இயந்திரத்தையும் அதே அடிப்பாகத்தையும் கொண்டு 'கூபெல்வாகன்' என்னும் படைவண்டி செய்யப்பட்டது. பின்சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே விசை பாயும் வண்டி அது. ஆயினும் எடை குறைந்திருந்தமையாலும், நிலத்திலிருந்து அடிப்பாகம் உயர்த்தப்பட்டிருந்தமையாலும் சேற்றையும் மணலையும் அது எளிதில் கடந்தது. 1940 முதல் 1945 வரை சுமார் 50 ஆயிரம் வண்டிகள் செய்யப்பட்டன. குளிர்விப்பதற்குத் தண்ணீரே வேண்டாத இயந்திரம் வட ஆப்பிரிக்கப் பாலையில் பெரும் நன்மையாயிற்று. சிறு காரைச் சாலைக்கு வெளியே கொண்டு செல்லலாம் என்பதற்கு முதற் சான்று போர்க்களத்தில்தான் கிடைத்தது.

போர் முடிந்தபின் தொழிற்சாலை பிரிட்டிஷ் படையினரின் மேற்பார்வையில் வந்தது. மேஜர் ஐவன் ஹெர்ஸ்ட் என்பவரின் முயற்சியால் 1945 ஆம் ஆண்டு இறுதியில் சாதாரண மக்களுக்கான கார் உருவாக்கம் தொடங்கியது. 1949 ஆம் ஆண்டு அமெரிக்காவுக்கு இரண்டே கார்கள் சென்றன. 1968 ஆம் ஆண்டிலோ ஓராண்டில் மட்டும் 4 இலட்சத்துக்கு மேற்பட்ட பீட்டில்கள் அந்நாட்டில் விற்பனையாயின. அவ்வளவு கார்கள் ஓடியமையால் விபத்தில் நசுங்கியவையும் துருப்பிடித்தவையும் பழைய இரும்புக் கடைகளில் மலிவாகக் கிடைத்தன. கையில் பொருள் குறைந்த இளைஞர்களின் கண்கள் அவற்றின்மீது விழுந்தன.

குறைத்தலே வலிமை

கலிபோர்னியாவின் கடற்கரை மணல் மேடுகளில் வண்டி ஓட்டும் பழக்கம் பீட்டிலுக்கு முன்பே இருந்தது. பழைய அமெரிக்கப் பெருங்கார்களின் மேற்கூட்டை நீக்கிவிட்டு ஓட்டினர். அவற்றின் இயந்திரங்கள் ஆற்றல் மிக்கவை. ஆனால் எடையும் மிக்கவை. மணலில் எடையே முதற் பகை. சக்கரம் எவ்வளவு விசையோடு சுழல்கிறதோ அவ்வளவு ஆழமாகத் தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும்.

பீட்டிலின் அமைப்பு இதற்கு நேர்மாறானது. அதன் இயந்திரம் பின்புறத்தில், விசை பெறும் சக்கரங்களுக்கு அருகிலேயே இருந்தது. ஆகவே வண்டியின் எடையில் பாதிக்கு மேல் அச்சக்கரங்களின்மீதே அமர்ந்து, நிலத்தைப் பற்றும் ஆற்றலை அவற்றுக்குத் தந்தது. இயந்திரம் காற்றால் குளிர்விக்கப்பட்டது. கல் பட்டு உடைவதற்கு ரேடியேட்டர் இல்லை. அடிப்பாகம் பெரிதும் தட்டையான தகடாக இருந்தமையால் கல்லிலும் வேரிலும் சிக்காது வழுக்கிச் சென்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, மேற்கூடு அடித்தளத்தோடு மரையாணிகளால் மட்டுமே பிணைக்கப்பட்டிருந்தது. அவற்றைக் கழற்றினால் கூடு தனியாகவும், சக்கரங்களோடு கூடிய அடித்தளம் தனியாகவும் பிரிந்துவிடும். கூடில்லாமலே அவ்வடித்தளம் ஓடும்.

இந்த உண்மையை நன்கு பயன்படுத்திக்கொண்டவர் புரூஸ் மேயர்ஸ். 1926 ஆம் ஆண்டு பிறந்த இவர், அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றியவர்; 1945 மே மாதம் ஜப்பானியத் தற்கொலைப் படை விமானங்கள் தாக்கிய 'பங்கர் ஹில்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலில் இருந்து உயிர் பிழைத்தவர். போருக்குப்பின் கண்ணாடியிழையில் பாய்மரப் படகுகளை வார்க்கும் தொழிலைக் கற்றுத் தேர்ந்தார். 1964 ஆம் ஆண்டு நியூபோர்ட் பீச் நகரில், படகு வார்க்கும் அதே முறையில் ஒரு காரின் கூட்டை வார்த்து, அதில் வோல்க்ஸ்வேகனின் இயந்திரத்தையும் சக்கர அமைப்பையும் பொருத்தினார். செந்நிறம் பூண்ட அவ்வண்டி 'பழைய சிவப்பன்' என்னும் பொருளில் 'ஓல்ட் ரெட்' எனப்பட்டது. வால் குறுகிய மான்க்ஸ் இனப் பூனையைப்போல் அதன் உருவம் குறுகியிருந்தமையால் 'மேயர்ஸ் மான்க்ஸ்' என்பது அவ்வகை வண்டிகளின் பெயராயிற்று.

அடித்தளமே இல்லாது, கூடே எல்லாச் சுமையையும் தாங்கும் வகையில் அமைந்த அம்முதல் வகையில் பன்னிரண்டு வண்டிகளே செய்யப்பட்டன. அது செலவு மிக்க முறை. அதன்பின் மேயர்ஸ் எளிய வழி ஒன்றை மேற்கொண்டார். பீட்டிலின் அடித்தளத்தையே வைத்துக்கொண்டு, அதன் நடுவில் ஏறத்தாழ 14 அங்குல நீளத்தை வெட்டி எடுத்துவிட்டு, இரு பாதிகளையும் மீண்டும் பற்றவைத்தார். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரம் 94½ அங்குலத்திலிருந்து சுமார் 80 அங்குலமாகச் சுருங்கியது. மேட்டின் உச்சியில் வயிறு தட்டி நிற்காமலும், குறுகிய இடத்தில் எளிதில் திரும்பியும் வண்டி ஓடியது. அவ்வடித்தளத்தின்மேல் கண்ணாடியிழைக் கூட்டை வைத்து மரையாணியால் முடுக்கினால் வேலை முடிந்தது. வாங்குபவர் தம் வீட்டு முற்றத்திலேயே இதனைச் செய்துகொள்ளலாம்.

ஆயிரம் மைல் ஓட்டம்

அமெரிக்க எல்லைக்குத் தெற்கே மெக்சிகோ நாட்டுக்குரிய பாஹா கலிபோர்னியா என்னும் நீண்ட தீபகற்பம் உள்ளது. அதன் வட எல்லையில் திஹுவானா நகரும், தென்பகுதியில் லா பாஸ் நகரும் அமைந்துள்ளன. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் மைல். 1960களில் அவ்வழியின் பெரும்பகுதி தார் காணாத தடமாகவே கிடந்தது. 1962 ஆம் ஆண்டு டேவ் எகின்ஸ், பில் ராபர்ட்சன் ஆகிய இருவர் மோட்டார் சைக்கிள்களில் அதனைக் கடந்தனர். எகின்ஸுக்கு ஏறத்தாழ 40 மணி நேரம் ஆயிற்று.

1967 ஏப்ரலில் மேயர்ஸும் டெட் மாங்கெல்ஸ் என்பவரும் 'ஓல்ட் ரெட்' வண்டியில் லா பாஸிலிருந்து புறப்பட்டு 34 மணி 45 நிமிடத்தில் திஹுவானாவை அடைந்தனர். மோட்டார் சைக்கிளின் சாதனையை ஒரு சிறு கார் ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக முறியடித்தது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் அவ்வழியில் 'மெக்சிகன் 1000' என்னும் முறையான பந்தயம் முதன்முறையாக நடத்தப்பட்டது. விக் வில்சன், டெட் மாங்கெல்ஸ் இருவரும் மான்க்ஸ் வண்டியில் 27 மணி 38 நிமிடத்தில் ஓடி முடித்து வென்றனர். பிற்காலத்தில் 'பாஹா 1000' எனப் புகழ்பெற்ற பந்தயத்தின் தொடக்கம் அதுவே.

மேயர்ஸுக்கு வேண்டுகோள்கள் குவிந்தன. கூடவே நகல்களும் குவிந்தன. ஒரு மான்க்ஸ் கூட்டை வாங்கி அதன்மேல் அச்சு எடுத்து, அதே வடிவில் வார்த்து விற்கும் பட்டறைகள் பல முளைத்தன. மேயர்ஸ் தம் வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அதனை நம்பி அவர் வழக்குத் தொடுத்தார். குறுக்கப்பட்ட வோல்க்ஸ்வேகன் அடித்தளத்தில் மணல் வண்டி செய்வது புதிய கண்டுபிடிப்பாகாது என்று கருதிய நீதிமன்றம் காப்புரிமையை ஏற்க மறுத்தது. ஏறத்தாழ 6 ஆயிரம் கூடுகளைச் செய்த அவருடைய நிறுவனம் 1971 ஆம் ஆண்டு மூடப்பட்டது. நகல் வண்டிகளோ பல நாடுகளில் பெருகின. சட்டத்தோடு இவ்வண்டி கொண்ட உறவில் முதல் இழப்பு அதனை உருவாக்கியவருக்கே நேர்ந்தது.

மான்க்ஸ் கூட்டை வாங்குவதற்கும் வசதி இல்லாதவர்கள் இருந்தனர். அவர்கள் பீட்டிலின் சொந்தக் கூட்டையே வைத்துக்கொண்டனர். முன்னும் பின்னும் தகட்டை வெட்டினர், பம்பர்களை நீக்கினர், நீண்ட மட்கார்டுகளைக் கழற்றிக் குட்டையானவற்றைப் பூட்டினர், பின்புறம் பெரிய டயர்களை மாட்டினர். இயந்திரம் வெளியே தெரிய நின்றது. புகைக்குழாய் மேல்நோக்கி நீண்டது. 1960களின் இறுதியில் தோன்றிய இவ்வுருவத்துக்கு 'பாஹா பக்' என்று பெயர். ஒரு வெட்டுவாள், ஒரு பற்றவைப்புக் கருவி, சில வார இறுதி நாள்கள் ஆகியவையே இதற்கான மூலதனம்.

வெட்டியதும் வெட்டக்கூடாததும்

மணலில் வெற்றி தந்த ஒவ்வொரு மாற்றமும் சாலையில் ஒரு சிக்கலைத் தோற்றுவித்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

மட்கார்டை வெட்டினால் வண்டியின் எடை குறையும். பெரிய டயர் உரசாது சுழலும். ஆனால் மழைநாளில் அதே டயர் சாலை நீரையும் கல்லையும் வாரிப் பின்வரும் வண்டியின் கண்ணாடியில் எறியும். கலிபோர்னியாவின் வாகனச் சட்டம், சேறும் நீரும் பின்னோக்கித் தெறிக்காவண்ணம் மட்கார்டோ அதற்கு ஈடான மறைப்போ இருத்தல் வேண்டும் என்றும், அதன் அகலம் டயரின் நிலம்படும் பகுதியினும் குறையலாகாது என்றும் கூறுகிறது. 1971 ஆம் ஆண்டுக்குமுன் செய்யப்பட்டு, முதற் பதிவும் பெற்ற 1,500 பவுண்டுக்குக் குறைந்த எடையுள்ள வண்டிகளுக்கு மட்டும் அது விலக்களித்தது. பழையவற்றைத் தண்டிக்காமல் புதியவற்றை நெறிப்படுத்தும் முறை இது.

முன்புறத்தை உயர்த்தினால் பாறையைக் கடக்கலாம். ஆனால் முகப்பு விளக்கும் சேர்ந்து உயர்ந்துவிட்டால் எதிரே வருபவரின் கண் கூசும். ஆகவே முகப்பு விளக்கின் உயரம் 22 அங்குலத்துக்குக் குறையாமலும் 54 அங்குலத்துக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும் என்பது விதி. சைலன்சரை நீக்கினால் இயந்திரம் சிறிது கூடுதலாக மூச்சுவிடும். ஊரோ உறங்க முடியாது. ஆகவே பொதுச் சாலையில் தக்க சைலன்சர் கட்டாயமாயிற்று.

பீட்டிலில் வேகமானி முன்னிடச் சக்கரத்திலிருந்து வரும் கம்பியால் இயங்கியது. அச்சக்கரத்தில் பெரிய டயரை மாட்டினால், வண்டி செல்லும் வேகத்தைவிடக் குறைந்த வேகத்தையே முள் காட்டும். ஓட்டுநர் அறியாமலேயே வேக வரம்பை மீறுவார். இவற்றினும் இடர் மிக்கது பின்புற அச்சு. பழைய பீட்டில்களில் பின் அச்சின் இருபாதிகளும் நடுவிலிருந்து ஊசலாடும் வகையில் அமைந்தவை. முறுக்குத் தண்டைத் திருப்பிப் பின்பகுதியை மிகவும் உயர்த்தினால் சக்கரங்களின் அடிப்பக்கம் உள்நோக்கிச் சாயும். மணலில் மெல்லச் செல்கையில் இதனால் கேடில்லை. நெடுஞ்சாலை வளைவில் விரைந்து திரும்பும்போதோ வெளிச்சக்கரம் உள்ளே மடங்கி வண்டி கவிழ நேரலாம். மான்க்ஸ் வண்டியில் அடித்தளத்தை வெட்டிப் பற்றவைத்த தையலும் இத்தகையதே. அத்தையல் பழுதானால் அதன் விலை மனித உயிர்.

ஓட்டுபவர் மட்டுமே இவ்விடரை ஏற்பதாயின், அது அவர் விருப்பம் என்று விட்டுவிடலாம். பொதுச் சாலையில் அவ்வாறு விடுவதற்கில்லை. அருகில் நடப்பவரும் எதிரில் வருபவரும் அவருடைய பட்டறையைப் பார்த்தவர்கள் அல்லர்; அவர் பற்றவைத்ததைச் சோதித்தவர்களும் அல்லர். அவர்கள் அறியாமலேயே அவர்மேல் நம்பிக்கை வைத்துச் சாலையில் இறங்குகின்றனர். அந்த நம்பிக்கைக்குப் பொறுப்பேற்பதே வாகனச் சட்டத்தின் பணி.

மேயர்ஸ் இதனை நன்கு உணர்ந்திருந்தார். அவர் வார்த்த கூட்டில் அகன்ற மட்கார்டுகள் உடலோடு இணைந்தே இருந்தன. முகப்பு விளக்குகளுக்கும் இடம் இருந்தது. காலையில் சாலைவழியே கடற்கரைக்கு ஓட்டிச் சென்று, மாலையில் அதே வண்டியில் வீடு திரும்பலாம். மான்க்ஸ் மற்ற மணல் வண்டிகளினும் புகழ்பெற்றமைக்கு அதன் அழகோடு இப்பண்பும் காரணம் எனலாம்.

சட்டம் கற்ற பாடம்

1966 ஆம் ஆண்டு அமெரிக்க நடுவண் அரசு போக்குவரத்து, மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 1968 ஆம் ஆண்டு தொடக்கம் முதல் புதிய கார்கள் யாவும் நாடு முழுமைக்கும் பொதுவான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டன. இங்கே ஒரு நுட்பமான வினா எழுந்தது. பழைய பீட்டிலின் அடித்தளத்தில் புதிய கூட்டைப் பொருத்தினால் அது புதிய காரா, பழைய காரா? முன்பே சாலையில் ஓடிய அடித்தளம் தன் பழைய பதிவை இழக்காதவரை அது பழைய வண்டியே என்பது அரசுத் துறை கொண்ட விளக்கம். ஆகவே பெருந்தொழிற்சாலைக்கு விதித்த விதிகள் முழுவதும் வீட்டு முற்றத்துப் பட்டறையின்மேல் சுமத்தப்படவில்லை.

1974 ஆம் ஆண்டுத் திருத்தம் மேலும் ஒரு கோட்டைத் தெளிவாக வரைந்தது. காரில் உள்ள பாதுகாப்பு அமைப்பைத் தெரிந்தே செயலிழக்கச் செய்தல் உற்பத்தியாளர், விற்பனையாளர், பழுதுபார்க்கும் தொழிலகம் ஆகியோருக்குத் தடைசெய்யப்பட்டது. தன் காரைத் தானே மாற்றிக்கொள்ளும் உரிமையாளரை அத்தடை சுட்டவில்லை. ஆயினும் அவரை மாநிலச் சட்டம் விட்டுவிடவில்லை. சாலையில் ஏற்றும் வண்டியில் விளக்கு, தடை, சைலன்சர், மட்கார்டு ஆகியவை இருந்தாக வேண்டும்.

அப்படியாயின், சாலைக்கே வராத வண்டியின் நிலை என்ன? அதற்கு விளக்கும் பதிவெண்ணும் எதற்கு? இவ்வினாவுக்குக் கலிபோர்னியா 1971 ஆம் ஆண்டு விடையளித்தது. மாநிலச் சட்டமன்றத்தில் எதிரெதிர்க் கட்சிகளைச் சேர்ந்த யூஜின் சாப்பி, எட்வின் ஸ்பெர்க் ஆகியோரின் பெயர் தாங்கிய சட்டம், சாலைக்கு வெளியே ஓடும் வாகனங்களைத் தனி வகுப்பாக ஏற்றது. அவை நெடுஞ்சாலைப் பதிவு பெற வேண்டியதில்லை. ஆனால் தனி அடையாளம் பெறவேண்டும். அடையாளக் கட்டணமும் எரிபொருள் வரியின் ஒரு பகுதியும் நிதியாகத் திரண்டு, அவ்வண்டிகள் ஓடுவதற்கென்றே திடல்களையும் தடங்களையும் அமைக்கச் செலவிடப்பட்டன. தடுப்பதற்கு முன் இடங்கொடுத்தது அச்சட்டத்தின் சிறப்பு. கூடவே, காய்ந்த புல்லில் தீப்பற்றாதிருக்கப் பொறி தடுக்கும் கருவியையும், இரைச்சலுக்கு ஒரு வரம்பையும் சட்டம் வேண்டியது.

ஆமைகளின் நிலம்

சாலைக்கு வெளியே யாரும் இல்லை என்னும் எண்ணமே சாலை கடந்த வண்டிகளின் இன்பத்துக்கு அடிப்படை. அந்த எண்ணம் உண்மையா என்பதை அடுத்த சில ஆண்டுகள் சோதித்தன.

பாலைவனம் வெறும் மணற்பரப்பன்று. அதன் மேற்பரப்பில் நுண்ணுயிர்களும் மண்துகளும் பிணைந்த மெல்லிய ஏடு ஒன்று உண்டு. காற்றும் வெள்ளமும் மண்ணை வாரிச் செல்லாமல் காப்பது அவ்வேடே. ஒரு முறை சக்கரத்தின்கீழ் நொறுங்கினால் அது மீள்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். 1942 முதல் 1944 வரை கலிபோர்னியாவின் மொஹாவிப் பாலையில் தளபதி பாட்டன் தொடங்கிய பயிற்சிக் களத்தில் ஓடிய பீரங்கி வண்டிகளின் தடங்கள் அரை நூற்றாண்டு கழிந்தும் அழியாது கிடந்தன.

1972 பிப்ரவரி 8 ஆம் நாள் அதிபர் நிக்சன் 11644 ஆம் எண்ணுள்ள ஆணையைப் பிறப்பித்தார். சாலைக்கு வெளியே ஓடும் பொழுதுபோக்கு வாகனங்கள் அந்நாட்டில் சுமார் 50 இலட்சம் உள்ளன என அவ்வாணை மதிப்பிட்டது. மணல் மேட்டு வண்டிகளையும் பெயர் சுட்டிக் குறிப்பிட்டது. பொது நிலங்களில் எங்கே அவை ஓடலாம், எங்கே ஓடலாகாது என்பதை அந்தந்தத் துறை வரையறுக்க வேண்டும். மண்ணுக்கும் நீர்வரத்துக்கும் செடிகொடிகளுக்கும் காட்டுயிர்களுக்கும் நேரும் கேட்டைக் குறைக்க வேண்டும். அந்நிலத்தைப் பயன்படுத்தும் பிறரோடு மோதல் நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விதித்தது. 1977 மே மாதம் அதிபர் கார்ட்டர் பிறப்பித்த ஆணை, கடுங்கேடு நேரும் இடத்தை உடனே மூடும் அதிகாரத்தையும் வழங்கியது. இதற்கிடையே 1976 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கலிபோர்னியாப் பாலையில் 2 கோடியே 50 இலட்சம் ஏக்கர் பரப்பைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது.

அந்நிலத்தின் பழைய குடிகளுள் ஒன்று பாலைவன ஆமை. வெயிலுக்கு அஞ்சித் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை வளைக்குள்ளேயே கழிக்கும் உயிர் அது. இளம் ஆமையின் ஓடு கெட்டிப்படச் சில ஆண்டுகள் ஆகும். மண்ணுக்கு அடியில் இருக்கும் வளை, மேலே ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரியாது. அதன்மீது சக்கரம் ஏறினால் வளை இடிந்துவிடும். நோய், காக்கை இனப் பறவைகளின் பெருக்கம், கால்நடை மேய்ச்சல், குடியிருப்புகளின் விரிவு எனப் பல காரணங்களால் ஆமைகள் குறைந்தன. சாலைக்கு வெளியே ஓடிய வாகனங்களும் அக்காரணங்களுள் ஒன்று. 1990 ஏப்ரலில் நடுவண் அரசு மொஹாவிப் பாலையின் ஆமையை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தது. பார்ஸ்டோ நகரிலிருந்து லாஸ் வேகாஸ் நோக்கிப் பாலையின் ஊடே நடைபெற்றுவந்த புகழ்மிக்க மோட்டார் சைக்கிள் பந்தயம் 1989 ஆம் ஆண்டோடு நின்றது. ஆமை என்று பெயர் பெற்ற காரும் மெய்யான ஆமை வாழும் நிலத்தில் குறிக்கப்பட்ட தடத்தைவிட்டு விலகக்கூடாது என்றாயிற்று.

இதனைத் தம் உரிமையைப் பறித்தல் எனக் கருதி வருந்தியவர்கள் உண்டு. அவர்கள் கூற்றிலும் பொருள் இல்லாமல் இல்லை. விலை மிக்க படகும் பண்ணை வீடும் இல்லாத தொழிலாளிக்கு, தன் கையால் கட்டிய வண்டியில் ஞாயிற்றுக்கிழமை பாலை நிலத்தைக் காணச் செல்வது மலிவான இன்பம். நிலம் முழுவதையும் அவனுக்கு மூடிவிடுவது நீதியாகாது. அதேபோல், அவன் இன்பத்துக்காக நிலம் முழுவதும் திறந்து கிடப்பதும் நீதியாகாது. தடம் எது, திடல் எது, ஓடலாகாத இடம் எது என்று வரைந்த சட்டம் இவ்விரண்டுக்கும் நடுவே வழி தேடியது. அத்தேடல் வழக்குகளாகவும் விசாரணைகளாகவும் இன்றும் தொடர்கிறது.

எஞ்சி நிற்பது

1972 பிப்ரவரி 17 ஆம் நாள் பீட்டிலின் உற்பத்தி 1 கோடியே 50 இலட்சத்து 7,034 ஆக உயர்ந்து, ஃபோர்டு 'டி' காரின் சாதனையைக் கடந்தது. 2003 ஜூலை 30 ஆம் நாள் மெக்சிகோவின் புவெப்லா நகரில் கடைசி பீட்டில் வெளிவந்தது. மொத்தம் 2 கோடியே 15 இலட்சத்துக்கும் மேல். பாஹா தீபகற்பத்தின் நெடுக 1973 ஆம் ஆண்டே தார்ச்சாலை போடப்பட்டுவிட்டது. ஆயினும் பந்தயம் பழைய தடங்களைத் தேடியே ஓடுகிறது. பெரிதும் மாற்றப்படாத பீட்டில்களுக்கென்று அதில் தனிப்பிரிவே உண்டு. 'ஓல்ட் ரெட்' வண்டி 2014 ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம்பெற்றது. நீதிமன்றம் புதுமை காணாத வண்டியில் வரலாறு புதுமை கண்டது. புரூஸ் மேயர்ஸ் 2021 பிப்ரவரியில் தம் 94 ஆம் வயதில் காலமானார்.

அந்தச் சிறு காரைச் சாலைக்கு வெளியே ஓடச் செய்தவர்கள் அதற்குப் புதிதாகச் சேர்த்தவை சில. அதிலிருந்து நீக்கியவை பல. எதை நீக்கலாம் என்று கண்டறிந்தது பட்டறையின் அறிவு. எதை நீக்கலாகாது என்று எடுத்துரைத்தது சட்டம். மட்கார்டு பின்வருபவருக்காக இருக்கிறது. விளக்கின் உயரம் எதிரே வருபவருக்காக வரையறுக்கப்பட்டது. பாலையின் தடம் வளைக்குள் உறங்கும் உயிருக்காகக் குறிக்கப்பட்டது. வண்டி ஒருவனுடையது. அது செல்லும் நிலம் சாலைக்கு உள்ளேயும் வெளியேயும் அவன் ஒருவனுடையதன்று.